ஓனுஃப்ரி முன்வரிசைக்கு வந்த விதம்

கோப்பர்நிக்கஸுக்குப் பிறகு போலந்து நாடு ஈன்ற நேர்மையான மனிதன் நான்தான். ஆணவத்தில் சொல்லவில்லை, தீர யோசித்துத்தான் சொல்கிறேன். கணினி விளையாட்டில் நான் ஒருமுறைகூட, ஆட்டத்தை முன்பு பதிந்துவைத்த பழைய சேமிப்பைத் திறந்து பின்னுக்குப் போனதில்லை. அடி விழுந்தால் விழுந்தது, கை போனால் போனது. நடந்ததை நடக்காததாக்குகிறவன் வேறு எதைத்தான் செய்யமாட்டான்?

என் அறைத்தோழன் டோபியாஷ் அப்படிப்பட்டவன். விளையாட்டில் ஒரு கதவைத் தொடுமுன் சேமிப்பான், தொட்டபின் சேமிப்பான். எல்லாச் சேமிப்புக்கும் ‘ஒருவேளை’ என்றே பெயர் வைப்பான். “ஏன்டா, பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடியும் ஒரு சேவ் போட்டுக்குவியா?” என்று நான் கேட்டதற்கு விடுதியின் நான்காம் மாடி ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தது.

இப்போது எங்களோடு விளையாடும் இவோனா, நடந்ததை எழுதிக் கொடு என்கிறாள். எழுதுகிறேன்.

எங்கள் அறையில் இருந்தது ஒரே கணினி, என்னுடையது. நான்கு பேர் சேர்ந்து ஒரே விளையாட்டை ஆடினோம், ஆளுக்கொரு பாத்திரம். என்னுடையவன் ஒரு வீரன், பெயர் தளபதி செசாரி. என் பெயரையே வைத்தேன், அவ்வளவு பொருத்தமாக வேறு கிடைக்கவில்லை. இவோனாவுடையவள் திருடி. முன்னால் நடந்து, தரையில் மறைந்திருக்கும் பொறிகளைக் கண்டுபிடிப்பாள். யூலியானுடையவன் மந்திரவாதி. டோபியாஷுடையவன் ஓனுஃப்ரி என்ற குண்டுத் துறவி. காயம் ஆற்றுவான், விஷம் இறக்குவான், செத்தவனை எழுப்புவான். மற்றபடி ஒன்றுக்கும் உதவமாட்டான்.

டோபியாஷும் அப்படித்தான் என்று சொல்வது நாகரிகமில்லை. பொறியியல் படிப்பில் பொருள்வலிமைத் தேர்வில் இரண்டு முறை கவிழ்ந்தவன். ஆனால் அந்தத் திரையில் மட்டும் ஐந்து மாதமாக எங்களில் ஒருவரையும் அவன் சாகவிடவில்லை.

விளையாட்டின் சட்டம் ஒன்று உண்டு: அரக்கனைக் கொன்றால் வரும் அனுபவப் புள்ளிகள், உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் சமமாகப் பங்காகும். எங்கள் அறையின் சட்டம் இன்னொன்று: ஊரில் இல்லாதவனின் ஆள் வரிசையில் கடைசியாக நடப்பான், ஏனென்றால் ஆபத்து முன்னால் நடப்பவனைத்தான் முதலில் பிடிக்கும். மவுஸ் என் கையில் இருக்கும் என்பதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. அது இயற்கை.

சனிக்கிழமை டோபியாஷ் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு வாசற்காவல் அம்மாள் கீழிருந்து, “நானூத்திப் பன்னெண்டு! ஃபோன்!” என்று கத்தினாள். இறங்கிப் போய் எடுத்தேன்.

“என் ஆளு எப்படிடா இருக்கான்?”

“கடைசியில நடந்து வர்றான். ராஜா மாதிரி.”

“அப்பா இங்கயே இருந்துடுங்கறாருடா. பேக்கரில ஆள் வேணுமாம். பரிச்சையும் ஊத்திக்கிச்சு, எதுக்குத் திரும்பிப் போறேங்கறாரு.” பின்னால் அக்கார்டியன் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நீ சொல்லு. வரட்டுமா?”

“லூசாடா நீ? நீ இல்லாம எங்களுக்கு யாரு வைத்தியம் பாக்கறது? நாளைக்குச் சாயங்காலம் ஒழுங்கா வந்து சேரு. உங்கம்மா செஞ்ச பிகோஸ் கறிக்குழம்பு ஜாடியோட.”

அவன் சிரித்தான். “அப்ப வர்றேன்னே சொல்லிடறேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஓனுஃப்ரி கடைசியில்தான் இருந்தான்.

இரண்டு மணிக்கு இவோனாவும் யூலியானும் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசியில்லை. திரையில் ஒரு நடைபாதை, அதற்கப்பால் பாலத்தைக் காக்கும் பாறைப் பூதம். நடைபாதையில் ஒரு பொறி இருப்பதை இவோனாவின் திருடி சற்றுமுன்தான் கண்டுபிடித்துச் சிவப்பாகக் குறித்து வைத்திருந்தாள். பூதத்தின் புள்ளிகளை நான்காகப் பிரித்தால் தளபதிக்கு அடுத்த நிலை கிடைக்காது, மூன்றாகப் பிரித்தால் கிடைக்கும். நான்காவது பங்குக்காரனோ கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டிருந்தான். வராதவனுக்கு எதற்குப் பங்கு என்று எந்த நியாயவானும் கேட்பான். நானும் கேட்டேன்.

வரிசையை மாற்ற மவுஸை ஒருமுறை இழுத்தால் போதும். ஓனுஃப்ரி ஆட்சேபிக்கவில்லை. முன்னால் போகச் சொன்னால் சொல்லும்படி அவனுக்குப் பதிவுசெய்யப்பட்ட ஒரு வாசகம் உண்டு. “உங்கள் சித்தம்” என்றான். இரண்டடி நடந்தான். சுவரிலிருந்து ஈட்டிகள் வந்தன.

செத்தவனின் மோதிரத்தைக் கழற்றித் தளபதிக்குப் போட்டேன். பூட்ஸை யூலியானின் மந்திரவாதிக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்கிறவன் அல்ல நான். பிறகு நால்வரும் ஆட்டத்தைத் தொடரும் பொதுச் சேமிப்பின் மேலேயே சேமித்தேன், பழையது அழிந்தது.

இவோனா வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “டேய், ஓனுஃப்ரி எங்க?”

“செத்துட்டான். வழிகாட்டறேன்னு அவனா முன்னால போனான்.”

“அவனாப் போனானா? மவுஸ் யார் கையில இருந்துச்சு?”

“இந்த பூட்ஸ் நல்லாருக்கே. ஏது?” என்றான் யூலியான்.

“எழுப்புடா அவனை.”

“எழுப்பத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், இவோனா.”

“சரி, வெள்ளிக்கிழமை டோபியாஷ் போட்ட ‘ஒருவேளை’ இருக்குமில்ல? அதை லோட் பண்ணு.”

நான் எழுந்து நின்றேன். “இந்தப் போலந்தைப் பக்கத்து ராஜாக்கள் மூணு தடவை பங்கு போட்டாங்க. யாராவது லோட் பண்ணாங்களா?”

மாலைக்குள் பூதத்தைக் கொன்றோம். மூவருக்கும் நிலை உயர்ந்தது. இவோனாவின் திருடி நிழலில் மறையக் கற்றுக்கொண்டாள். அதன்பிறகு அன்று ஓனுஃப்ரியின் பேச்சை அவள் எடுக்கவில்லை. மனசாட்சியை நான்கால் வகுத்தால்தான் மீதி வரும் போலிருக்கிறது.

ஞாயிறு காலை மற்ற இருவரும் மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தனியாகச் சதுப்பு நிலத்தில் போய்க்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுச் சிலந்தி ஒன்று தளபதியைக் கடித்தது. விஷம், அடிக்கு ஓர் உயிர்ப்புள்ளி. தளபதியிடம் இருந்தது அறுபத்தொன்று. விஷமுறிவு விற்கும் கிழவியின் குடிசை நூறு அடிக்கு அப்பால். நின்றால் சாகமாட்டான், நடந்தால் சாவான். இருபது நிமிடம் நிற்கவைத்துப் பார்த்தேன். பூதத்தை வென்ற தளபதியைக் காலமெல்லாம் சேற்றில் தூணாக நிறுத்துவது மரியாதையில்லை. நடந்தான். அறுபத்தோராம் அடியில் முகம் குப்புற விழுந்தான். திருடியும் மந்திரவாதியும் அவனைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வைத்தியமும் தெரியாது.

அன்று நண்பகலில் என் திரையில் வெள்ளிக்கிழமை இருந்தது. அதையே பொதுச் சேமிப்பாகவும் வைத்தேன்.

சாயங்காலம் டோபியாஷ் எட்டு ஜாடிகளோடு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தான். ஓனுஃப்ரி வரிசையின் கடைசியில், விரலில் மோதிரம், காலில் பூட்ஸ். “ஒரு கீறல்கூட இல்லாம பாத்துக்கிட்டியேடா!” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். “அப்பாகிட்ட சொல்லிட்டேன், நான் இல்லாம இவங்க செத்துருவாங்கன்னு.” பெரிய ஜாடியை எனக்கே கொடுத்தான்.

அவன் தோளுக்கு மேலாக இவோனா எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை செத்த பாறைப் பூதம் பாலத்தடியில் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றது. என்னை அறைக்கு வெளியே நடைக்கு இழுத்துப் போனாள்.

“யாருக்காகடா லோட் பண்ண?”

“டோபியாஷுக்காக.”

“ஓஹோ. உன் தளபதி எப்ப செத்தான்?”

நான் கையிலிருந்த ஜாடியின் மூடியைத் திருகினேன்.

“நீயா எழுதிக் குடுத்துடு. இல்லன்னா நான் சொல்லிடுவேன். நான் வாங்கின லெவலையும் சேத்தே சொல்லிடுவேன்.”

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பொறி இருப்பது தெரிந்தே ஓனுஃப்ரியை அனுப்பிக் கொன்றது நான். நீ இல்லாமல் முடியாது என்று டோபியாஷிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் அவன் இல்லாமல் முடித்துக்கொள்ளப் பார்த்ததும் நான். ஆனால் பின்னுக்குப் போனேன் என்பதை மட்டும் ஏற்க இயலாது. நான் நாற்காலியைவிட்டு எழவேயில்லை. வெள்ளிக்கிழமைதான் என்னிடம் வந்தது.

இனி எழுதுவது தனித்தாளில். டோபியாஷுக்குக் கொடுப்பதோடு இது சேராது. படித்ததும் அவன் பேக்கரிக்கே போய்விடலாம். போனால் ஓனுஃப்ரியை அழித்துவிட்டுத்தான் போவான், ரோஷக்காரன். இப்போது நடைக்கோடிச் சமையலறையில் பிகோஸைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறான். “உனக்குக் கறி நிறையப் போடட்டுமாடா?” என்று அங்கிருந்தே கத்தினான். போடு என்றேன். பிறகு மவுஸை எடுத்து, ஓனுஃப்ரி கடைசியில் பத்திரமாக நிற்கும்போதே, அவனுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சேமிப்புப் போட்டேன். கணினி பெயர் கேட்டது. ‘ஒருவேளை’ என்று தட்டினேன்.