ராசியில்லாத கை

தேநீரைக் குடியுங்கள், இன்ஜினியர் ஐயா, ஆறிவிடும். இந்த கோர் பள்ளத்தாக்கு வெயிலில் காலையிலிருந்து மண்ணையும் நீரையும் புட்டியில் அடைத்துக்கொண்டு அலைகிறீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை. என் நண்பன் ராத்திபின் தக்காளிக்கு நோய் வந்த காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்தது பக்கத்திலிருக்கும் என் தோட்டத்தில்தான். இலை தேமல் பிடித்துச் சுருண்டது. காயெல்லாம் பழுப்புத் திட்டு. ராத்திபின் பசுமைக்குடில்களிலோ பழம் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. பார்க்க வந்தவன் என் தோளில் கைபோட்டு, அத்தனை பேர் முன்னால் சிரித்தான்.

"அபூ ஷாஹிர், நீ நல்லவன்தான்டா. கைராசிதான் இல்ல. பேசாம ஆடு மேய்க்கப் போயிரு."

நண்பன் சொல்லை நான் தட்டுவதில்லை. ஆடு வாங்கினேன். ஆனாலும் பொழுது மிஞ்சியது. தொட்டாலே ஒட்டும் நோய் இது என்று உங்கள் வேளாண்மை அலுவலகத்துத் தம்பி ஒருவர் சொல்லியிருந்தார். ஆகவே என் செடிகளின் இலையைக் கசக்கிவிட்டு, கையில் சாறு காய்வதற்குள் ராத்திபுக்கு உதவப் போனேன். பக்கக் கிளைகளைக் கிள்ளினேன், தண்டைக் கயிற்றில் சுற்றிவிட்டேன். ஒரு செடியையும் விடவில்லை. பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

கண்டுபிடித்தவள் அவன் மனைவி இன்ஆம் மட்டும்தான். சோப்பும் தண்ணீரும் வைத்துக்கொண்டு வாசலில் மறித்தாள்.

"அண்ணே, கையக் கழுவிட்டு உள்ள போங்க. நீங்க தொட்ட வரிசைதான் சுருண்டுபோகுது. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன், அவ்வளவுதான். ராத்திப் பின்னால் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். கூலி வாங்காமல் உழைக்கும் நண்பனை அவமதித்தவளை அன்றே இர்பிதுக்கு, அவள் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். பிறகு அழைத்துப் பார்த்தான், அவள் வரவில்லை. எனக்கும் கை கழுவும் சிரமம் மிச்சம்.

இப்போது அவன் குடில்களில் வெறும் கம்பிதான் நிற்கிறது. சாப்பாடு என் வீட்டில். நேற்று ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தான். "உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்றான். இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவன் தக்காளியைக் கெடுத்தது நான்தான். ஆனால் அவன் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை இன்றுவரை நான் கெடுத்ததே இல்லை.