ஏழாம் ஆட்டக்காரர்

கல்முனைக் கடைத்தெருவில் ஒலிப்பதிவு செய்ய நல்ல நேரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகுதான். கடைகள் பூட்டியிருக்கும், ஆட்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பார்கள், ஆட்டோக்காரர்கள்கூட ஹோர்ன் அடிக்கமாட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எங்கள் விளையாட்டுக்கு வேண்டிய குரல்களையெல்லாம் பதிந்தோம். புடைவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை, இரண்டு கணினி, நானும் கூட்டாளி அஹ்ஸனும். மின்விசிறியின் இரைச்சல் விழுமென்று அதையும் நிறுத்திவிட்டு வேர்த்துக் கொட்ட இருந்து பதிந்தோம். நாங்கள் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தோம் என்பது பள்ளிவாசல் நிருவாக சபையாருக்குத் தெரியவேண்டும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

முபாறக் காக்கா என் கூடப்பிறந்த மூத்தவர். கல்யாணத்தோடு நம் ஊர் வழக்கப்படி மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, றுமைஸா மதினியின் வீட்டுக்குப் போய்விட்டார். கடல்தொழில்தான் செய்தார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

ரோல் பிளே விளையாட்டு என்றால் என்னவென்று உங்களில் ஒருவர் கேட்டார். கைப்பேசியில் ஆடுகிறவர் அந்தக் கதைக்குள் ஒரு ஆளாகிவிடுவார். அவர் போகவேண்டிய ஊர்கள் இருக்கும், செய்து முடிக்கவேண்டிய பணிகள் இருக்கும், வழித்துணைக்கு ஒருவரும் வருவார். எங்கள் கதையில் அந்தத் துணையாள் மீராமுகைதீன் என்ற தோணிக்காரர். அவருக்குக் குரல் கொடுத்தது காக்கா. எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் வாசிப்பார், சும்மா கதைக்கச் சொன்னால் அருமையாகக் கதைப்பார். அதனால் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, முந்நூறு வசனத்தையும் அவர் வாய்க்கு வந்தபடியே பேசவைத்தோம்.

விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. சோதனைக்குக் கொடுத்த பத்துப் பேரும் மூன்றாம் நாளோடு கைவிட்டார்கள். மதினி ஏழாவது ஆள். அவர் ஒரு நாள்கூட முழுதாக ஆடவில்லை. "இந்தக் குரலத்தான் நான் வீட்டுல நாள் முழுக்கக் கேக்கிறனே தம்பி, இதுல வேற கேக்கணுமா?" என்று சிரித்தார்.

எங்கே பிழைத்தது என்று அறிய, இப்போது உலகம் முழுக்க ஆடப்படும் பெரிய விளையாட்டுகளை நான்கு மாதம் உட்கார்ந்து ஆடினேன். பொழுதுபோக்குக்காக அல்ல, படிப்பாக. ஒரு கொப்பி நிறையக் குறிப்பெடுத்தேன். துணையாள் சொன்னதை மறக்கக்கூடாது. முதல் நாள் நீங்கள் அவரிடம் உங்கள் உம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தால், முப்பதாம் நாள் அவர் அதைச் சொல்லவேண்டும். அப்போது ஆட்டக்காரரின் நெஞ்சு அசையும். வெகுமதியைக் கேட்டவுடன் கொடுத்துவிடக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், முடிந்த பணி ஆளை அனுப்பிவிடும், முடியாத பணி ஆளைப் பிடித்து வைத்திருக்கும் என்பது. நல்ல விளையாட்டுகள் எல்லாம் ஒரு கேள்வியைத் திறந்தபடியே வைத்திருக்கின்றன. நாங்கள்தான் அப்பாவித்தனமாக எல்லாவற்றையும் முடித்து முடித்துக் கொடுத்திருந்தோம்.

அந்த வாரம்தான் காக்கா கடலில் காணாமல் போனார். அவரும் வினாயகபுரத்து டிலக்சனும் ஒரு சின்னப் போட்டில் போனார்கள். இயந்திரம் நின்று இழுபட்டுப் போனது பிறகுதான் தெரியும். நீங்களும் தேடினீர்கள், கரையூர்கள் எல்லாம் தேடின. மீன்பிடி அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் நான்தான் போய்வந்தேன். வீட்டுக்கு வந்த செய்தி எல்லாம் என் வாயால்தான் வந்தது.

இருபத்துமூன்றாம் நாள் பின்னேரம் வெளிநாட்டு இலக்கமொன்றிலிருந்து டிலக்சன் கதைத்தான். ஒரு சரக்குக் கப்பல் அவனைக் காப்பாற்றித் தூரத்து நாடொன்றில் இறக்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபடி கதைத்தான்.

"முபாறக் காக்கா ஒம்பதாம் நாள் போயிட்டாரு. நான்தான் கலிமாவத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லிக் கடல்ல விட்டன். ஒங்கட நம்பரைப் பாடமாக்க வெச்சவரு. மதினிக்கிட்ட தம்பிதான் பதமாச் சொல்லணும், வேற ஒருத்தரும் சொல்லப்படாதெண்டு சொன்னவரு."

நான் அழுதேன். அதை யாரும் பார்க்கவில்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது. முகத்தைக் கழுவிக்கொண்டு மதினியிடம் சொல்லத்தான் போனேன். அவர் குசினி வாசலில் கைப்பேசியோடு நின்றார். கைப்பேசிக்குள்ளிருந்து காக்கா கதைத்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்பதற்காக விளையாட்டைத் திறந்திருக்கிறார்.

"என்ன தம்பி, கோல் ஏதும் வந்ததா?" என்றார்.

"ஓம் மதினி. டிலக்சன் கதைச்சவன். காக்காவ வேற ஒரு கப்பல் ஏத்தினதாம். எந்த நாட்டுக்கெண்டு அவனுக்குத் தெரியாதாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்றைக்கு மதினி பல நாளைக்குப் பிறகு ஒரு கோப்பை சோறு தின்றார். இரண்டு நாள் கழித்துப் பதமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். டிலக்சனிடம், மதினிக்கு உடம்பு சரியில்லை, நான் சொல்லும்வரை உன் வீட்டாரிடம்கூடக் காக்காவைப் பற்றிக் கதைக்காதே என்றேன். நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அஹ்ஸன் என்னைக் கணினிக்கு முன்னால் கூப்பிட்டான். யார் எப்போது ஆடுகிறார், எங்கே நிற்கிறார் என்ற விபரமெல்லாம் எங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.

"மச்சான், இந்த ஏழாம் ஆளப் பாரு. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம். யாருடா இது?"

தெரியாது என்றேன்.

உண்மையில் எனக்கு அப்போதுதான் பாடம் விளங்கியது. ஆறு மணித்தியாலம் ஆடினாலும் அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. முந்நூறு வசனத்தையும் சுற்றிச் சுற்றிக் கேட்டார். இரண்டு மாதத்தில் அலுத்துவிடும், அலுத்தால் விட்டுவிடுவார். விட்டுவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது? ஆகவே கதையை மாற்றினேன். தோணிக்காரர் கடலில் காணாமல் போகிறார். ஆட்டக்காரர் கரையூர் ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கவேண்டும். ஓர் ஊரில் அவரைக் கண்டதாகச் சொல்வார்கள், அடுத்த ஊரில் நேற்றுத்தான் போனார் என்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் அவர் குரலில் ஒரு துண்டு கிடைக்கும். காக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய குரல்களை வெட்டி ஒட்டி அந்தத் துண்டுகளைச் செய்தேன். "கொஞ்சம் பொறு, வந்துருவன்" என்று ஒரு கல்யாண வீட்டுக்குப் பிந்தியபோது சொல்லியிருந்தார். அது மிகவும் பயன்பட்டது.

மதினியின் பழக்கங்களை நான் அறிவேன் என்பதால் துணையாளுக்கு நினைவு கொடுப்பது சுலபமாக இருந்தது. அவருக்கு முருங்கையிலைச் சுண்டல் பிடிக்கும் என்பதைத் தோணிக்காரர் அறிந்திருந்தார். மதினி அதைக் கேட்ட இடத்தில் நாற்பது நிமிடம் நின்றார். நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் உடல் கிடைக்காதவருக்கான காயிப் ஜனாஸா தொழுவதா என்று நீங்களே என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். நம்பிக்கை இருக்கும்போது எப்படித் தொழுவது, செய்தி வரட்டும் என்றேன். உங்களில் மூத்தவர் என் தோளைத் தடவி, இப்படியொரு தம்பி கிடைக்கக் கொடுத்துவைக்கவேண்டும் என்றார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

மதினிக்காக எழுதியதையெல்லாம் மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்தோம். அவர்களும் நின்றார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நான்காம் மாதம் கொழும்பில் விளையாட்டு செய்கிறவர்கள் கூடியபோது, நவீன விளையாட்டுகளிலிருந்து நாம் கற்கவேண்டியவை என்ற தலைப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஏழாம் ஆட்டக்காரரின் வரைபைத் திரையில் போட்டுக் காட்டினேன். பெயர் போடவில்லை, அந்த மரியாதை எனக்குத் தெரியும். இந்த ஆளை எப்படி இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. முடிக்க விடவில்லை என்றேன். கைதட்டினார்கள்.

ஐந்தரை மாதம் சென்று டிலக்சன் ஊருக்கு வந்தான். யாரிடமும் சொல்லாமல் நேரே சாய்ந்தமருதுக்குத்தான் போயிருக்கிறான், ஆறுதல் சொல்ல. நான் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான். காக்காவின் கைமணிக்கூட்டை மதினியின் கையில் கொடுத்து, "கடைசி மட்டும் ஒங்களப் பத்தித்தான் கதைச்சவரு" என்றானாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மௌலவி முன்னறையில் இருந்தார். மதினி சீலைத்திரைக்குப் பின்னால். மௌலவி பதமாகத்தான் சொன்னார். கணவன் மௌத்தானால் மனைவி வீட்டோடு இருக்கும் இத்தா என்பது, அவர் இறந்த நாளிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும். செய்தி எப்போது கிடைத்தாலும் கணக்கு அந்த நாளிலிருந்துதான். அது முடிந்து ஒரு மாதமாகிறது. இனி இருக்கவேண்டிய தேவையில்லை.



"அப்ப நான் எப்ப அழுறது, மௌலவி?" என்று மதினி கேட்டார்.

அந்த நான்கு மாதமும் பத்து நாளும் மதினி என்ன செய்தார் என்பதை மணிக்கணக்கில், நிமிடக்கணக்கில் சொல்லக்கூடியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஊர் ஊராகப் போய்த் தோணிக்காரரைத் தேடினார்.

அதன்பிறகு மதினி என்னைத் திட்டவில்லை. மூன்றாம் நாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ள அவரு இன்னும் உசிரோட திரியிறாரு தம்பி. ஒனக்கு ஏலும்தானே, மௌத்தாக்கித் தா. நான் பாக்கணும். பாத்தாத்தான் எனக்கு அழ ஏலும்."

செய்து கொடுத்தேன். இரவுபகலாக வேலை செய்தேன் என்பதை அஹ்ஸன் சொல்வான். தோணி கவிழ்கிறது, கடல் அடங்குகிறது, குரல் நிற்கிறது. மரியாதையாகச் செய்தேன். பார்த்து முடித்த அன்று அந்த வீட்டிலிருந்து எழும்பிய அழுகை தெருமுனைவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் முழுதாக முடித்துவிட்டால் அவர் போய்விடுவார். ஆகவே கடல் அடங்கிய பிறகு, ஆகத் தூரத்தில், ஒரு சின்ன வெளிச்சம் வைத்தேன். அது என்னவென்று எங்கும் சொல்லவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் நாள் மதினி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் அவருக்குக் கெடுதல் செய்தேன் என்கிறீர்கள். காக்கா என்னிடம் ஒப்படைத்த பெண்ணை இந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடத் தனியே விட்டதில்லை. நேற்று மட்டும் அவர் அந்த வெளிச்சத்தை எழுபத்திரண்டு தடவை திறந்து பார்த்திருக்கிறார். வேண்டாத ஒருவர் அப்படித் திறந்து பார்ப்பாரா?