பேச்சு வழக்கு செல்லாது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆடும் சொல் விளையாட்டு ரொம்பச் சுலபம். ஒருவரின் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்து வரிசையில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இதற்கென்று தனிச் செயலி கிடையாது. நடுவர் நான்தான், அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்பதால் அண்ணன் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டான். ஆடும் சொல் எழுத்துத் தமிழில் இருந்தால்தான் செல்லும். தவறினால் அந்தச் சுற்று முடியும்வரை குழுவிலிருந்து நீக்கம். இரண்டும் நான் போட்ட விதிகள்.

தங்கைக்கு விதி என்றாலே வேப்பங்காய். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் இருமினால் என் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

அன்று மதியம் நான் கீழே இருந்தேன், அவள் மாடியில். அண்ணன் வெளிநாட்டில், தன் அலுவலகத்தில். அவன் 'பழம்' என்று போட்டான். அவள் 'மூச்சு' என்று போட்டாள்.

"அட, டக்குனு பிடிச்சிட்டியே குட்டி," என்று எழுதினான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் அவள் மறந்துவிட்டுப் போன இன்ஹேலர் என் மேசையில் அல்லவா இருந்தது. நான் 'சுவர்' என்றேன். அண்ணன் 'ரதம்' என்றான். அவள் 'முடியல' என்றாள்.

எழுத்து வரிசை சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு வழக்கு செல்லாது. அதைக் குழுவில் எழுதிவிட்டு அவளை நீக்கினேன். அண்ணன் ஒரு சிரிக்கும் முகம் அனுப்பினான்.

பிறகு மேலே தரையைக் குதிகாலால் தட்டும் சத்தம் கேட்டது. மின்விசிறியை வேகமாக வைத்தேன். தட்டுவது நின்ற பிறகு தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனேன்.

அவள் காரியம் முடிந்ததிலிருந்து மாடியைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் மதியமானால் தட்டுகிறாள். மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தெரிந்தேதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஆமாம். முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவள் மட்டும் 'முடியவில்லை' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தால், நான் ஓடிப் போயிருப்பேன்.