ஆறாவது கோலுக்குப் பிறகு

நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும், எதையும் கூட்டாமலும் விடாமலும், உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன்.

என் பெயர் மணிமொழி. வயது பதினான்கு. தகப்பனார் பெயர் கோதண்டபாணி. கோட்டூர்புரம் ஆற்றோரக் குடியிருப்பில் இரண்டாவது சந்தில் பெற்றோருடனும் அண்ணன் அசோகனுடனும் வசித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வழக்கில் இறந்துபோன யாசிர் எங்கள் எதிர் வீட்டில் இருந்தவர். அவரும் என் அண்ணனும் ஒரே கால்பந்துச் சங்கத்தில் ஆடினார்கள். யாசிர் கோல் கீப்பர். அண்ணன் கோல் அடிக்கிறவர். சங்கச் செயலாளர் கனகராஜை எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். அவர் எங்களுக்கு உறவு இல்லை.

இந்த ஜனவரியில் கத்தாரில் நடக்கும் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா ஆடிய ஆட்டங்களை, மைதானத்து ஓரத்தில் உள்ள சங்கக் கொட்டகையில் பெரிய டி.வி. வைத்துக் காட்டினார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. இந்தியா வாங்குகிற ஒவ்வொரு கோலுக்கும், ஆட்டம் முடிந்ததும், எங்கள் மைதானத்தில் ஒரு பெனால்ட்டி அடிப்பார்கள். அதை எங்கள் கீப்பர் தடுத்துவிட்டால் அந்தக் கோல் அழிந்துவிட்டது என்று கத்திக் கொண்டாடுவார்கள். ஆஸ்திரேலியாவிடம் இந்தியா வாங்கியது இரண்டு, உஸ்பெகிஸ்தானிடம் மூன்று. ஐந்தையும் அடித்தவர் என் அண்ணன். ஐந்தையும் யாசிர் தடுத்துவிட்டார்.

சென்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிரியாவுடன் கடைசி ஆட்டம். நான் நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், சுவிட்ச் போர்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மைதானத்து ஃபோகஸ் லைட்டின் வெளிச்சம் அங்கே நன்றாக விழும். இந்தியா ஒரு கோல் வாங்கித் தோற்றது. மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறியது. அதன் பிறகு எல்லோரும் மைதானத்துக்கு இறங்கினார்கள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அண்ணன் யாசிரிடம், “இன்னாடா மச்சி, உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க, பிரியாணி இல்லியா?” என்று கேட்டார். அதற்கு யாசிர், “நீ பொறந்ததும் கோஷா ஆஸ்பத்திரி, நான் பொறந்ததும் கோஷா ஆஸ்பத்திரி. சிரியாக்காரன் எவன்டா எனக்கு பிரியாணி குடுப்பான்? வா, வந்து அடி” என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு அண்ணன் அடித்த ஆறாவது பந்தையும் யாசிர் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். எல்லோரும் கத்தினார்கள். நானும் கை தட்டினேன்.

அதன் பிறகு கனகராஜ் மாமா அண்ணனைப் பார்த்து, “ஆறு அடிச்சி ஒண்ணுகூட போவல. பேசாம இந்தியா டீம்ல சேந்துடு நைனா, கரெக்டா இருப்ப” என்று சொன்னார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பந்தை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்து, காற்றடிக்கிற ஓட்டை மேலே வரும்படி ஒரு விரலால் திருப்பினார். யாசிர் கையுறைகளைக் கழற்றிவிட்டு, “ஆறும் அழிஞ்சிது மச்சி. ஞாயித்துக்கிழம செலக்ஷன் கீது, கை வலிக்குது, விட்டுடு” என்றார். ஒரு கம்பெனி அணிக்கு அன்று ஆள் எடுப்பதாக இருந்தது. எடுத்துவிட்டால் வேலையும் கிடைக்கும் என்று அவருடைய அம்மா கைசர் ஜஹான் சந்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

யாசிர் கோல் கம்பத்தின் அருகே கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுக்கக் குனிந்தார். அப்போது அண்ணன், “மாமா, லைட்ட ஆஃப் பண்ணு. இப்ப புடிக்கட்டும் பாக்கலாம்” என்று சொன்னார். கனகராஜ் மாமா சிரித்துக்கொண்டே கொட்டகைக்கு வந்து, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலே கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். யாசிர் நிமிர்ந்து, “டேய் வேணாம்டா, கண்ணு தெரியல” என்று சொன்னார்.

டி.வி. அணையவில்லை. அதில் சிரியா ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் யாசிர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கம்பத்தை ஒட்டி நின்றது எனக்குத் தெரிந்தது. என்னைவிட அண்ணன் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் அடித்தார். பந்து படுகிற சத்தமும், அதை அடுத்து இரும்புக் கம்பம் அதிர்கிற சத்தமும் கேட்டன. யாரோ “கோல்!” என்று கத்தினார்கள். அதன் பிறகு எல்லோரும் அண்ணனைத் தூக்கிவைத்து ஆடினார்கள்.

ஆடி முடித்த பிறகுதான் கனகராஜ் மாமா விளக்கைப் போட்டார். யாசிர் கம்பத்தின் அடியில் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. எல்லோரும் கலைந்து ஓடினார்கள். கனகராஜ் மாமா மறுபடியும் விளக்கை அணைத்துவிட்டு, டி.வி. ஒயரையும் பிடுங்கினார். என்னிடம், “கரண்ட் போச்சி, இருட்ல பந்து பட்டுச்சி. புரியுதா பாப்பா? வூட்டுக்குப் போ” என்று சொன்னார். ரோட்டில் தெருவிளக்குகளும் இஸ்திரி வண்டியின் பல்பும் எரிந்துகொண்டிருந்தன.

நான் மைதானத்து வாசலுக்கு வந்தபோது கைசர் ஜஹான் மகனைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற அண்ணனிடம், “அசோகா, யாசிர் எங்கப்பா? சாப்பாடு ஆறுது” என்று கேட்டார். அண்ணன், “அவன் அப்பவே கெளம்பிட்டான்மா” என்று சொன்னார். அவர் சரி என்று திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் புடவையைப் பிடித்து இழுத்து, உள்ளே கிடக்கிறார் என்று சொன்னேன். அதன் பிறகு அவரும் நானும் இஸ்திரிக்காரரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனையில் கண் விழிக்காமலே வெள்ளிக்கிழமை யாசிர் இறந்துவிட்டார்.

என் அம்மா சுலோச்சனா நேற்று என்னிடம், “கரண்ட் போச்சின்னு ஒரு வார்த்த சொல்லுடி, உங்கண்ணன் வெளிய வந்துடுவான்” என்று கேட்டார். இன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிடவில்லை. நானே பின்னிக்கொண்டு வந்தேன்.

இதில் உள்ளது அனைத்தும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னது. நீதிமன்ற நடுவர் அம்மா படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான் என்று உறுதி கூறுகிறேன்.

(கையெழுத்து) கோ. மணிமொழி

கையெழுத்திட்ட பிறகு சாட்சி கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்டது: முதலில் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மறுபடி விளக்கைப் போட்டபோது யாசிருக்கு நினைவு இருந்தது. அவர் கண்ணைத் திறந்து என் அண்ணனைப் பார்த்து, தூக்கிவிடச் சொல்வதுபோல் ஒரு கையை நீட்டினார். அண்ணனும் கனகராஜ் மாமாவும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் விளக்கு இரண்டாவது தடவை அணைக்கப்பட்டது.