நனையாத நாற்காலிகள்

மறதி நோய் உள்ளவர்களை உட்கார வைக்கும்போது நாற்காலிகளை முழு வட்டமாகப் போடக் கூடாது, அரைவட்டமாகத்தான் போட வேண்டும். முழு வட்டமாகப் போட்டால் எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியாமல் மிரண்டுபோவார்கள். அரைவட்டத்தில் எல்லோரும் என்னை மட்டும் பார்ப்பார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பழகப் பழகக் கற்றுக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நிதானமாகவே சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவன். எழுதுகிறவர்களுடைய கை வேகம் எனக்குத் தெரியும்.

நினைவுத் துணை வட்டத்தை ஆரம்பித்தது நான்தான். என் மனைவியின் அக்காவுக்கு இந்த நோய் வந்து, இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கிடந்தாள். ஒத்தாசைக்கு ஆளில்லாமல் என் மனைவி பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்துத்தான் இதில் இறங்கினேன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. பார்த்தேன். கை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவள் கிடந்த பின்னறையின் கதவு திறந்தால் நான் தெருவில் இறங்கி நடக்கப் போய்விடுவேன். அக்கா போன பிறகும் அந்த அறையில் நான் கால் வைத்ததில்லை.

நூலகத்தின் பின்பக்க ஹாலை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை பதினோரு பேர் வருவார்கள். சனிக்கிழமை அவர்களுடைய வீட்டாருக்கு வகுப்பு. என் வகுப்பைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள் என்பேன். எதிர்த்து வாதாடாதீர்கள், அவர்கள் இருக்கிற உலகத்துக்குள் நீங்கள் போங்கள் என்பேன். தாகம் எடுப்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது, அதனால் மணிக்கு ஒரு தடவை நாமாகவே வாய்க்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பேன். சுவரில் தண்ணீர் அட்டவணை ஒன்று மாட்டியிருந்தேன். பதினோரு பேர், ஏழு மணிநேரம், கட்டத்துக்கு ஒரு டிக். வீட்டார் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

நூலகத்தார் கொடுத்த நாற்காலிகள் மெத்தை வைத்தவை. நீலத் துணி. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

துணியில் இறங்கிய ஈரம் காய்ந்தாலும் போகாது. வெயில் ஏற ஏற அது எழுந்து வரும். நான் அரைவட்டத்தின் முன்னால் நின்று பாட்டுப் பாட வைத்துக்கொண்டிருப்பேன், அந்த வாடை என் பல்லில் வந்து ஒட்டும். அதோடு முடியாது. எச்சில் ஊறிய பிஸ்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார்கள். மூக்கைச் சிந்திய கையாலேயே என் கையைப் பிடித்துத் தடவுவார்கள். நான் சிரிப்பேன். அன்பைப் பற்றி இத்தனை பேசியவன் மூச்சை வாயால்தான் விட்டுக்கொண்டிருந்தான் என்பது யாருக்கும் தெரியாது.

நூலகச் செயலாளர் ஒருநாள் வந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். வாசிக்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க. இன்னொரு தடவை புகார் வந்தா ஹாலத் திருப்பிக் கேட்டுடுவாங்க" என்றார். என் வக்கீல் இதையே பெரிதாகச் சொல்லலாம் என்கிறார். அந்த மனிதர்மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. அவரே பின்தெருவில் டைல்ஸ் போட்ட ஒரு ஹாலையும் பார்த்து வைத்திருந்தார். பக்கத்திலேயே குளியலறை, கழுவி விடத் தோதான தரை. நான்தான் வேண்டாமென்றேன். பின்தெருவில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

டயபர் போட்டும் பார்த்தோம். போட்டால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு, ஹாலைத் துடைக்க வருகிற அக்கா ஒருத்திதான். அவள் வராத ஒரு நாளில் டீச்சரம்மாவுக்கு நானே மாற்ற வேண்டியதாயிற்று. டீச்சரம்மா ஒருகாலத்தில் என் பள்ளியிலேயே கணக்கு நடத்தியவர், என்னைவிட மூத்தவர். நான் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். அவர் என் தலையைத் தடவி, "நல்லா இருப்பா" என்றார். அன்று எத்தனை தடவை சோப்புப் போட்டேன் என்று நினைவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் கையால் சாப்பிட முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டேன்.

உயிரியல் ஒன்றும் பெரிய மர்மமில்லை. உள்ளே போகாதது வெளியே வராது.

முதலில் பதினோரு மணி டீயை நிறுத்தினேன். பிறகு நாளுக்கு இரண்டு டம்ளர் என்று வைத்தேன். பிறகு ஒன்று. கோடை வந்தபோது மதிய மாத்திரைக்கு ஒரு வாய், அதோடு சரி. வீட்டார் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தனுப்புவார்கள். மூன்றரை மணிக்கு எல்லாப் பாட்டில்களையும் கைகழுவுகிற தொட்டியில் கவிழ்த்து, மூடி போட்டு அவரவர் பையில் வைப்பேன். பிறகு அட்டவணைக்கு முன்னால் நின்று டிக் போடுவேன். ஒரே மூச்சில் போட்டால் எல்லாம் ஒரே மாதிரி விழும், அதனால் இரண்டு பேனா வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வகுப்பில், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியக் கொறச்சுக்குங்க. அவங்களும் தூங்குவாங்க, நீங்களும் தூங்குவீங்க. பகல்ல நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. தூக்கத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் அதுவரை பேசியதில்லை.

பத்தே நாளில் நாற்காலிகள் காய்ந்துவிட்டன. நான் துணியைக் கழற்றித் துவைத்து மாட்டினேன். ஹாலில் புத்தக வாசனை வந்தது. செயலாளர் வேறு பேட்டைகளில் இதுபோல வட்டம் நடத்துகிறவர்களைக் கூட்டிவந்து காட்டினார். "எங்க எடத்துல உள்ள வரவே முடியாது சார். நீங்க எப்படி?" என்று கேட்டார்கள். "ஒழுங்குதான்" என்றேன்.

இப்போது ரைட் ரைட் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஹாலில் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பஸ் கண்டக்டராக இருந்தவர். செய்தித்தாளைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுப்பார். யாராவது நாற்காலியை இழுத்தால், "எறங்குறவங்க மொதல்ல எறங்குங்க" என்பார். வந்து பார்க்கிறவர்களுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். மகள் தையற்கடை வைத்திருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு பிரித்து ஒட்டுகிற வெல்க்ரோ நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தவள். மற்ற வீட்டாருக்கும் அப்படியே தைத்துக் கொடுத்தாள்.

மற்றவர்கள் ஒரு வாரத்தில் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை.

"தம்பி, அடுத்த ஸ்டாப்புல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லு. எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துடுறேன்."

"இது எக்ஸ்பிரஸ்ணே. நடுவுல நிக்காது."

"ஓ, எக்ஸ்பிரஸா? சரி சரி. ரூல்னா ரூலுதான்" என்று உட்கார்ந்துவிடுவார். நாற்பது வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவர். அவருடைய உலகத்துக்குள் போக வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு சரி என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. அவரிடம் ஒருநாள்கூட நான் குரல் உயர்த்தியதில்லை, கையைப் பிடித்து இழுத்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மதியம் துடைக்கிற அக்கா என்னைத் தேடி வந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள்.

"சார், வந்து பாருங்க. அந்தக் கண்டக்டர் அண்ணன் மாப்பு வாளியில வாய வச்சுக் குடிக்கிறாரு."

போய்ப் பார்த்தேன். முழங்காலில் உட்கார்ந்து, வாளியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக இருந்தது. முடியும் நூலும் அவர் தாடையில் ஒட்டியிருந்தன. என்னைப் பார்த்து, டூட்டியில் பிடிபட்டவரைப் போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். என்னால் அவரைத் தொட முடியவில்லை, அவள்தான் தாடையைத் துடைத்துவிட்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா என்ன சார்? நாக்கெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நாய்க்குக்கூட ஊத்துறோம்."

"இந்த நோய்ல இதெல்லாம் வரும் அக்கா. எதை வேணா எடுத்து வாயில போடுவாங்க. நீங்க வாளிய வெளியில வைக்காதீங்க" என்றேன். மறுநாள் வாளி வைக்கிற அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். பூச்சாடியையும் ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டேன். ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே.

அதற்குப் பிறகு அவர் டிக்கெட் கிழிப்பதைக் குறைத்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். பேச்சு குழறியது. மகள் வந்து, "ஒரு மாசத்துல இப்படி ஆயிட்டாரே சார், என்ன சார் இது?" என்றாள். நோய் அடுத்த படிக்குப் போயிருக்கிறது என்று சொல்லி, நான் எழுதிய கையேட்டில் அந்தப் பக்கத்தை மடித்துக் கொடுத்தேன். அடர்ந்த நிறத்தில் சிறுநீர், காய்ந்த வாய், குழிந்த கண் எல்லாம் எதற்கு அறிகுறி என்று அதே கையேட்டில் இன்னொரு பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். சிறுநீரகத்தைப் படம் போட்டு முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவனுக்குத் தெரியாதா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும் அம்மா.

ஒரு வியாழக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் நின்றுவிட்டது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். மகள் என் காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கொறைக்கத்தான் சொன்னீங்க சார். நான் அடியோட நிறுத்திட்டேன். ராத்திரி துணி மாத்த அலுத்துக்கிட்டு நிறுத்திட்டேன். பகல்ல நீங்க குடுத்ததாலதான் இத்தன நாள் இருந்திருக்காரு."

நான் மறுத்துப் பேசவில்லை. துக்க வீட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பதினாறு நாள் கழித்து அவளை வகுப்புக்கு அழைத்தேன். நடந்ததை அவளே எழுந்து நின்று சொன்னால் மற்றவர்களுக்குப் படிப்பினையாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். வந்தாள். தைக்கிற துணியைப் பிடிப்பதுபோல முந்தானை ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவ நான்தான் கொன்னேன்" என்றாள். நான் கைக்குட்டை கொடுத்து, தப்பை ஒத்துக்கொள்கிற தைரியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டேன். அடுத்தடுத்து மூன்று வகுப்புகளுக்கு அவளையே வரவழைத்தேன். நான் எவ்வளவு நடத்தியும் அந்தப் பாடம் அப்படிப் பதிந்ததில்லை.

அதன் பிறகாவது தண்ணீர் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாற்காலிகள் நன்றாக இருந்தன.

டீச்சரம்மா ஹாலிலேயே மயங்கி விழுந்தபோது துடைக்கிற அக்கா என்னைக் கேட்காமலேயே ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். அங்கே டாக்டரிடம் வாளியிலிருந்து பூட்டு வரை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சு எடுபடாது என்று நினைத்தேன். ஊரெல்லாம் என்னைத்தானே தெரியும்? டீச்சரம்மா பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

எனக்கு வருத்தம் உண்டா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அதற்குப் பதிலாக இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன், அப்போது நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். கண்டக்டரின் மகளை இங்கே அழைத்து வந்தார்கள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று ஏட்டு பக்கத்திலேயே நின்றார். அவள் ஒன்றும் செய்யவில்லை. எதிரே இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா தண்ணி கேட்டாரா சார்?"

"கேட்டார்மா."

"எத்தன தடவ?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு நாளைக்கு முப்பது தடவைக்குக் கொறையாது" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாக ஒரு விஷயத்தை விளக்கினேன். "நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. கேட்டத அவரு அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாரு. ஒவ்வொண்ணும் அவருக்கு மொதத் தடவதான். முப்பது தடவ தாகம்னு நீ கூட்டிப் பாக்கக் கூடாது. உங்கப்பாவுக்கு ஒரு தடவைக்கு மேல தாகமே எடுத்ததில்ல."

இந்த நோயைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களுக்கு அது ஆறுதலான விஷயம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை அவளால் போக முடியவில்லை. அதோ, மேஜைக் காலுக்குப் பக்கத்தில்தான் வாந்தி எடுத்துவிட்டாள். ஏட்டு ஒரு கை மண்ணைத் தூவிவிட்டுப் போனதோடு சரி.

இவ்வளவுதான் அம்மா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் யாரையாவது கூப்பிட்டு அதைத் துடைக்கச் சொல்லுங்கள். மனிதர்கள் உட்காருகிற இடம் இது.