நீமாவுக்கும் புரிந்த ஜெர்மன்: ஜெபகுமாரி அம்மையாருக்கு

செந்தமிழ் நாவினரே! ஜெர்மன் மொழிக்கு நாஞ்சில் மண்ணில் வாசல் திறந்தவரே! பேராசிரியை ஜெபகுமாரி அம்மையாரே, வணக்கம்!

முட்டத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து, முகம் சுளிக்காமல் மொழி புகட்டி, நம் செவிலியர் கல்லூரிப் பிள்ளைகளைப் பெர்லின் வரை அனுப்பிவைத்த பெருந்தகையே! தங்கள் பணிநிறைவு விழாவில் தங்கள் பெருமைகளைப் பாடவே வந்தோம். ஆனால் சென்ற ஆண்டு தாங்கள் தந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லையே, என் செய்வோம்!

தான்சானியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜெர்மன் வகுப்பிலிருந்து நழுவினார்கள். "சாப்பாடு ஒத்துக்கிடல்ல, வீட்டு நெனப்பு வேற" என்று முதல்வர் ஞானசிங் ஐயா காரணம் கண்டார், நாங்களும் தலையாட்டினோம். அவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த நீமாவும் வராமல் போகவே, தாங்கள் விடுதிக்கே சென்று, ஏன் விட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். ஜெர்மன் பிடித்திருக்கிறது என்றார் நீமா. ஆனால் விளக்கமெல்லாம் தமிழில் வருகிறதே, தமிழ் தெரியாத நான் எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது என்றும் கேட்டார்.

அம்மையே! இடிந்துபோய்த் திரும்பிய தங்கள் முகத்தை நாங்கள் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு எளிதாகட்டும் என்று அன்போடு செய்ததே சில பிள்ளைகளை வெளியே தள்ளியிருந்தது!

ஓய்வு நெருங்கும் நேரத்தில் யார்தான் பாடமுறையைத் தலைகீழாக மாற்றுவார்? தாங்கள் மாற்றினீர்கள்! மறுநாள் முதல் தமிழுக்கு விடுமுறை. கட்டுத்துணியும் தெர்மாமீட்டரும் தங்கள் இரு கைகளுமே விளக்கவுரை. நம்மூர் மாணவி ரெஜிலா அழாக்குறையாக எழுந்தார்.

"மேடம், ஒண்ணும் மனசிலாவல்லியே!"

"நீமாவுக்கும் இத்தன நாளும் இப்படித்தானே மக்கா இருந்திருக்கும்!"

அன்று மாலை ரெஜிலாவே விடுதிக்குப் போய் நீமாவைக் கையோடு அழைத்துவந்தார். மற்றவர்களில் சிலர் திரும்பினார்கள். சிலருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. அதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வலிக்கிறது.

இம்மடலை எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. ஐயகோ! அவையில் நீமாவும் இருப்பாரே! இத்தனை எதுகை மோனையில் ஒரு சொல்லேனும் அவருக்குப் புரியுமா? தங்களோடு பணியாற்றியும் நாங்கள் திருந்தவில்லையே!

ஆகவே, நோயின்றி நெடுங்காலம் வாழ்க என்று நாங்கள் எழுதிய வாழ்த்தை ஆங்கிலத்தில் சொல்லி நீமாவிடமே ஒப்படைத்துவிட்டோம். அவர் மேடையேறித் தம் தாய்மொழியில் தங்களை வாழ்த்துவார். புரியாமல் உட்கார்ந்திருப்பது இன்று எங்கள் முறை.

காது கொடுத்துக் காத்திருக்கும்,
தங்கள் சக ஆசிரியர்கள், அலுவலர்கள்