ஒரு கணக்கு, ஒரு நபர்

— மிக்ஸியை நீயே வெச்சுக்கோ, எனக்கு வேண்டாம். ஆனா வீடியோ கேம் எல்லாம் என்னோடது. அதுல பேச்சே கிடையாது.

— அது எப்படி உன்னோடது ஆகும்? வாஷிங் மெஷினை வித்தோம், ஆளுக்குப் பாதி. சோபாவை எடுக்க இன்னும் கொஞ்ச நேரத்துல வேன் வரப்போகுது, அதுலயும் ஆளுக்குப் பாதி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சேர்த்துச் சேர்த்து வாங்கின கேம் மட்டும் முழுசா டாக்டரம்மாவுக்கா?

— அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு?

— உன் பேர்ல.

— ஈமெயில்?

— உன்னோடது. அன்னைக்கு உன் லேப்டாப் பக்கத்துல கிடந்துச்சு, உன் பேரைப் போட்டோம். என்னோடது கிடந்திருந்தா என் பேரு. அதுக்காக நான் என்ன, விருந்தாளியா வந்து விளையாடிட்டுப் போனேனா?

— கேளு முதல்ல. நீ அடுத்த மாசம் வேற ஊருக்குப் போற. அங்க லிஃப்ட் ரிப்பேர் பாக்கவே உனக்கு நேரம் பத்தாது. எனக்கு அப்படியில்ல. பகல் முழுக்க கடிக்க வர்ற நாயையும் பிறாண்டுற பூனையையும் சமாளிச்சு ஊசி போட்டுட்டு வீட்டுக்கு வந்தா, அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியா இருக்கேன்.

— பகல் முழுக்க லிஃப்ட்டோட இருட்டுக் குழிக்குள்ள நின்னுட்டு வர்றவன் மட்டும் என்ன, கல்லா? பனிமலை கேம்ல யார் ஏறினா, சொல்லு? வழுக்குற இடம் வந்தா கன்ட்ரோலரை என் மடியில தூக்கிப் போட்டுட்டு கண்ணை மூடிக்குவே. உச்சிக்கு வந்ததும் பிடுங்கிக்கிட்டு, "நான் ஏறிட்டேன்"னு உன் தங்கச்சிக்கு போட்டோ அனுப்புவே.

— துறைமுக கேம்ல மொத்த ஊரையும் கட்டினது யாரு? நீ கட்டின பாலம் எத்தனை தடவை கடல்ல விழுந்துச்சு! இவனை நம்பியா ஜனங்க லிஃப்ட்ல ஏறுறாங்கன்னு எனக்கே பயமா இருந்துச்சு.

— சிரிக்காதே.

— நான் சிரிக்கல. மூக்கடைப்பு.

— சரி விடு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மொத்தத்தையும் வித்துடலாம். சோபா மாதிரி.

— துறைமுகத்தையுமா?

— துறைமுகத்தையும்தான். இல்லன்னா பிரிச்சுக்கலாம். கேம் கம்பெனிக்கே போன் போட்டுக் கேப்போம், விக்கலாமா, ரெண்டு அக்கவுண்டாப் பிரிச்சுத் தருவாங்களான்னு. அவங்க சொல்றதுதான் தீர்ப்பு. சம்மதமா?

— போடு. ஸ்பீக்கர்ல போடு. என் பேர்ல இருக்கறது என்னோடதுன்னுதான் சொல்லப் போறாங்க, உன் காதாலயே கேட்டுக்கோ.

— ஹோல்டுல போட்டுட்டாங்க, பாட்டு ஓடுது.

— ஓடட்டும். இந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டு.

— வணக்கம். வாடிக்கையாளர் சேவைக்கு உங்களை வரவேற்கிறோம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. நான் உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?

— தம்பி, நான்தான் பேசுறேன், இந்த நம்பர்ல இருக்கற அக்கவுண்ட் என்னோடது. நானும் என் வீட்டுக்காரரும் பிரியறோம். வீட்டுச் சாமானையெல்லாம் பாகம் போட்டாச்சு. இந்த கேம் விஷயம்தான் பாக்கி. இது யாருக்குச் சொந்தம்னு அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.

— உங்கள் சூழ்நிலைக்கு வருந்துகிறோம் மேடம். சரிபார்த்துவிட்டேன், கணக்கு உங்கள் பெயரில்தான் உள்ளது.

— கேட்டுச்சா?

— ஒரு நிமிஷம் தம்பி, நான் அவங்க வீட்டுக்காரன். பேரு இருக்கட்டும். இதுல இருக்கற கேம்ல பாதியை என் பேருக்கு மாத்த முடியுமா?

— மன்னிக்கவும் சார். ஒரு கணக்கு, ஒரு நபர். விளையாட்டுகளை வேறொரு கணக்குக்கு மாற்ற இயலாது.

— அப்போ மொத்தமா வெளியாளுக்கு வித்துடலாமா?

— இயலாது சார்.

— அவருக்கு முடியாது, சரி. எனக்கு? என் பொருள்தானே, நான் விக்கலாம்ல?

— இயலாது மேடம். விளையாட்டுகள் உங்களுக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் மட்டுமே வழங்கப்பட்டுள்ளது.

— என்ன சொன்னீங்க?

— உரிமம், மேடம்.

— அதுக்கு முன்னாடி.

— உங்களுக்குச் சொந்தமானவை அல்ல.

— கேளுங்க முதல்ல. நான் ஒவ்வொரு கேமும் எடுக்கறப்போ அந்த பட்டன்ல என்ன எழுதியிருந்துச்சு? "வாங்கு"ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சா இல்லையா? வாடகைன்னா வாடகைன்னு எழுத வேண்டியதுதானே? காசு வாங்கறப்போ கடைக்காரர், திருப்பி விக்கறப்போ மட்டும் வீட்டு ஓனரா நீங்க?

— உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம் மேடம். கணக்கைத் தொடங்கும்போது விதிமுறைகளைப் படித்து "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியிருக்கிறீர்கள்.

— அதை அழுத்தினது இவன்.

— ஆமா தம்பி, நான்தான். அது சுருட்டி வெச்சா பாய் மாதிரி இருந்துச்சு. யார் படிப்பா?

— அது ஒண்ணையா நீ படிக்காம ஒத்துக்கிட்ட? வேற ஊருக்கு மாத்தல் உத்தரவுல என்னை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னியே, அதுவும் இப்படித்தான்.

— அதை இங்க எதுக்கு இழுக்கற? தம்பி கேட்டுக்கிட்டிருக்கார்.

— கேக்கட்டும். பதிவு பண்ணிக்கட்டும்.

— சரி விடு. தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். இப்போ நான் உக்காந்திருக்கற சோபாவை ஒருத்தருக்கு வித்திருக்கோம். சோபாக் கம்பெனிக்காரன் வந்து வாசல்ல நின்னு, "இதுல உக்காரத்தான் உங்களுக்கு உரிமம் கொடுத்தோம், விக்கக்கூடாது"ன்னு சொல்வானா? சொன்னா அவனைச் சும்மா விடுவோமா?

— சார், இது மின்வழிப் பொருள், அதாவது டிஜிட்டல். சோபாவும் இதுவும்...

— என்ன வித்தியாசம்? நாங்க கொடுத்த காசு மட்டும் மின்வழிக் காசா? இவ ராத்திரி டியூட்டியும் சேர்த்துப் பாத்த காசு அது. நான் குழிக்குள்ள நின்ன காசு. அதை உங்க கம்பெனி யாருக்கு வேணா கொடுக்கலாம், என்ன வேணா வாங்கலாம். நாங்க வாங்கினதை மட்டும் நாங்க தொடக்கூடாது.

— அப்படிக் கேளு மெக்கானிக். இன்னொண்ணும் கேளு, நான் செத்துட்டா என்ன ஆகும்னு.

— அதை நான் எப்படி...

— நானே கேக்கறேன். தம்பி, நான் செத்துட்டா இதெல்லாம் யாருக்கு?

— கணக்கு முடிவுக்கு வரும் மேடம். யாருக்கும் மாற்றப்படாது.

— பாத்தியா! என்னோட சேர்த்து எரிச்சுடுவாங்களாம்.

— மேடம், சார், தயவுசெய்து ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். இந்தக் கணக்கை இரண்டு பேர் பணம் போட்டு, இரண்டு பேர் பயன்படுத்தியதாக இந்த உரையாடலில் தெரிய வருகிறது. அது விதிமீறல். கணினி இப்போது கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிட்டது.

— என்னது? டீவியைப் போடு. சீக்கிரம்.

— போட்டுட்டேன். பூட்டுப் படம்தான் வருது. உள்ள போக மாட்டேங்குது.

— துறைமுகம்?

— எதுவுமே இல்ல. கேம் படம் மொத்தமும் சாம்பல் நிறமா நிக்குது.

— தம்பி, கேள்வி கேட்டதுக்காப் பூட்டுனீங்க?

— நான் பூட்டவில்லை மேடம். அது தானாக நடப்பது. அதை நீக்க ஒரு வழி இருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்பேன். ஆம் என்று பதில் சொன்னால் பூட்டு இப்போதே விலகும், கணக்கு முழுவதும் உங்கள் பெயரிலேயே தொடரும். இல்லை என்றால் நிரந்தரமாக மூடப்படும். திரும்ப வராது.

— என்ன கேள்வி?

— இந்தக் கணக்கில் உள்ளவற்றை வாங்கியதும் விளையாடியதும் நீங்கள் ஒருவர் மட்டும்தானா? அந்த ஒரு கேள்விதான். மேடம்... நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. என்னால அவ்வளவுதான் செய்ய முடியும்.

— உங்க சொந்தக் குரல் இப்பத்தான் கேக்குது தம்பி. நல்ல குரல்.

— நன்றி மேடம்.

— ஆமான்னு சொல்லிடு.

— நீ சும்மா இரு.

— இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். நீ கேட்டதும் இதைத்தானே? எல்லாம் உனக்குன்னு ஆயிடும், சண்டையும் முடிஞ்சுது. எனக்குப் பனிமலை வேண்டாம். நீ கட்டின ஊரு, அந்த விளக்குக் கம்பம், கடை வீதி, எல்லாம் ஒரு வார்த்தைக்காக ஏன் போகணும்? நான் விளையாடவே இல்லன்னு சொல்லு. நான் மறுக்க மாட்டேன்.

— விளையாடவே இல்லையா?

— அப்படிச் சொன்னா என்ன குறைஞ்சுடும்? அவங்களுக்குத்தானே சொல்றோம்.

— நீ விளையாடின தடமே இல்லாம ஒருத்தன் அழிச்சுட்டுப் போவான், அதுக்கு நான் ஆமான்னு தலையாட்டணும். அப்படித்தானே?

— வாசல்ல ஹாரன் அடிக்கறாங்க. சோபாவுக்கு வேன் வந்துடுச்சு. சீக்கிரம் சொல்லிட்டு வை.

— வேன் நிக்கட்டும். நீ போனைப் பக்கத்துல கொண்டா.

— மேடம், விதிப்படி கடைசியாகக் கேட்கிறேன். இந்தக் கணக்கில் உள்ளவற்றை வாங்கியதும் விளையாடியதும் நீங்கள் ஒருவர் மட்டும்தானா?

— இல்ல தம்பி. பதிவு ஆகுதுல்ல, நல்லாப் பதிவாகட்டும்: வாங்கினது ரெண்டு பேரு, பாதி அவரோடது. பூட்டறதுன்னா பூட்டிக்கோங்க, எங்க விவாகரத்துல கையெழுத்துப் போட்டுட்டு, அதே கையோட உங்க மேல கேஸ் போட நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம்.